கழிவா, எரிபொருளா? ரக்பி நகரத்துச் சிமெண்டுச் சூளை சொல்லும் வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரக்பி என்றதும் நம் நினைவுக்கு வருவது, முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் அந்த விளையாட்டுதான். அந்த விளையாட்டுக்குப் பெயர் கொடுத்த ஊர் இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. அதுதான் சிமெண்டு. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே சுண்ணாம்புக் கல் வெட்டினார்கள், சூளை வைத்தார்கள், சிமெண்டு செய்தார்கள். ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு சிமெண்டு நிறுவனம் பல தலைமுறைகளுக்கு வேலை கொடுத்தது.

அந்த ஊரில் ஒரு காலத்தில் மிகச் சாதாரணமான ஒரு பொருளை முன்வைத்துப் பெரும் வழக்கு ஒன்று நடந்தது. அந்தப் பொருள் தேய்ந்துபோன பழைய டயர். வழக்கு உள்ளூரில் தொடங்கி, பிரபுக்கள் சபை வரை போய், அங்கிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்தின் வாசலையும் தட்டியது. ஒரு டயருக்காகவா இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். டயர் ஒரு காரணம்தான். அதற்குப் பின்னால் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒரு பொருளைக் கழிவு என்பதா, எரிபொருள் என்பதா? அதை முடிவு செய்யும்போது, பக்கத்து வீட்டில் மூச்சு விடுகிறவனுக்கு எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

சூளைக்குள் என்ன நடக்கிறது?

வரலாற்றுக்குள் போகுமுன் சூளையைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். 1824-ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைப்பதுதான் அடிப்படை. 200 ஆண்டுகள் ஆகியும் அந்த அடிப்படை மாறவில்லை. சூளைதான் மாறியது. இன்றைய சூளை, சற்றே சாய்ந்த நிலையில் மெதுவாகச் சுழலும் மாபெரும் இரும்புக் குழாய். மேல் முனையில் கல்பொடி இறங்கும். கீழ் முனையில் நெருப்பு சீறும். நெருப்பின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கல்பொடி 1,450 டிகிரி வரை சூடேறி, கிளிங்கர் எனப்படும் கருநிறக் கட்டிகளாக உருண்டு வெளியே விழும். அதனுடன் சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு.

இவ்வளவு வெப்பம் வேண்டுமென்றால் எவ்வளவு நிலக்கரி வேண்டும்! சிமெண்டு ஆலை முதலாளிக்கு இரவில் தூக்கம் வராமல் செய்வது இந்த எரிபொருள் செலவுதான். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது உலகமெங்கும் சிமெண்டு ஆலைகள் ஒரே திசையில் யோசிக்கத் தொடங்கின. ஊரார் வேண்டாமென்று தூக்கி எறிவதை நம் சூளையில் போட்டால் என்ன? 1970-களின் நடுப்பகுதியில் கனடாவின் மிஸ்ஸிசாகா நகரில் இருந்த ஆலையொன்றில், குளோரின் கலந்த இரசாயனக் கழிவுகளைச் சூளையில் எரித்துப் பார்க்கும் சோதனைகள் நடந்தன.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சொன்ன காரணங்களில் உண்மை இருந்தது. சாதாரணக் குப்பை எரி உலையைவிடச் சிமெண்டுச் சூளையில் வெப்பம் அதிகம். வாயு அந்த வெப்பத்தில் தங்கியிருக்கும் நேரமும் அதிகம். எரியும்போது எழும் அமில வாயுக்களைச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்ளும். சாம்பல் தனியாக மிஞ்சுவதில்லை, அதுவும் கிளிங்கருக்குள் கலந்துவிடும். டயரை எடுத்துக்கொண்டால், எடைக்கு எடை ஏறக்குறைய நிலக்கரிக்குச் சமமான வெப்பம் தரும். டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகூட வீணாகாது. சிமெண்டுக்கு எப்படியும் கொஞ்சம் இரும்புச் சத்து வேண்டும், அதை இந்தக் கம்பி கொடுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்கு ஒன்று இருக்கிறது. நிலக்கரியை ஆலை காசு கொடுத்து வாங்க வேண்டும். கழிவைப் பெற்றுக்கொள்ளவோ, கொண்டு வருகிறவரே பெரும்பாலும் காசு கொடுப்பார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

ஆனால் சூளை எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. பாதரசம், தாலியம் போன்ற உலோகங்கள் எளிதில் ஆவியாகிப் புகையோடு கிளம்பிவிடும். ஜெர்மனியின் லெங்கரிக் நகரில் 1979-இல் இது வெளிப்பட்டது. இரும்புச் சத்துக்காக அங்கிருந்த சிமெண்டு ஆலை வேறொரு தொழிலில் மிஞ்சிய தாதுக் கழிவைச் சேர்த்து வந்தது. அதில் தாலியம் இருந்தது. ஆலையைச் சுற்றியிருந்த தோட்டங்களில் செடிகள் கருகின, கால்நடைகள் பாதிக்கப்பட்டன. சூளைக்குள் என்ன போகிறது என்பதை ஒவ்வொரு வண்டிச் சுமைக்கும் சோதிக்க வேண்டும் என்ற பாடத்தை ஐரோப்பா அங்கேதான் கற்றது.

கிளிதரோ பள்ளத்தாக்கில் எழுந்த புகை

ரக்பிக்கு முன்னால் பிரிட்டனில் இந்தச் சர்ச்சை சூடுபிடித்த இடம் வடக்கே லங்காஷயரில் உள்ள கிளிதரோ. ரிபிள் ஆற்றங்கரையில், பழைய கோட்டையொன்றின் காலடியில் அமைந்த சிறிய ஊர். பக்கத்தில் பெண்டில் மலை. அங்கேயும் ஒரு சிமெண்டு ஆலை 1930-களிலிருந்து இயங்கி வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அந்த ஆலை நிலக்கரியோடு ஒரு புதிய திரவத்தையும் எரிக்கத் தொடங்கியது. பெயிண்ட், அச்சு, இரசாயனத் தொழில்களில் பயன்படுத்திக் கழித்த கரைப்பான்களைக் கலந்து செய்த திரவம் அது. அதற்கு வைத்த பெயர் 'செம்ஃபியூல்'. சிமெண்டு எரிபொருள் என்று பொருள்படும் பெயர். கழிவு என்ற சொல் அந்தப் பெயரில் மருந்துக்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். கிளிதரோவில் நெருப்பு என்ன என்பதே சர்ச்சை. புகைக்கூண்டிலிருந்து கிளம்பிய புகை சில நாட்களில் மேலே போகாமல் தரையை நோக்கி இறங்குகிறது என்று சுற்றுவட்டார மக்கள் முறையிட்டார்கள். விவகாரம் நாடாளுமன்றம் போனது. மக்களவையின் சுற்றுச்சூழல் குழு, கழிவுத் திரவங்களைச் சிமெண்டுச் சூளைகளில் எரிப்பதைப் பற்றி 1995-இல் ஓர் அறிக்கையும், சிமெண்டு உற்பத்தி சுற்றுச்சூழலுக்கு ஏற்படுத்தும் தாக்கம் பற்றி 1997-இல் இன்னோர் அறிக்கையும் வெளியிட்டது. ஒரு சிற்றூரின் புகை, ஒரு நாட்டின் நாடாளுமன்றக் குழுவை இரண்டு முறை உட்கார வைத்தது.

ஒரு சொல்லுக்காக நடந்த வழக்குகள்

அடுத்து நடந்ததுதான் சுவையான பகுதி. கழிவு என்றால் ஒரு சட்டம், எரிபொருள் என்றால் இன்னொரு சட்டம். ஆபத்தான கழிவை எரிப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் கடுமையான விதிகளைக் கொண்டு வந்திருந்தது. செம்ஃபியூல் கழிவு என்றால் அந்த விதிகள் பாயும். வெறும் எரிபொருள் என்றால் பாயாது. ஆக, ஒரு சொல்லை வைத்தே புகைக்கூண்டின் வரம்புகள் தீர்மானமாகின.

ஆலை நிறுவனம் நீதிமன்றம் சென்றது. "கழித்த கரைப்பான்களைப் பக்குவப்படுத்தி, தரம் பார்த்து, கலந்து செய்த பொருள் இது. இனியும் இதைக் கழிவு என்பது எப்படி?" என்பது அதன் வாதம். 2001 மார்ச்சில் இங்கிலாந்து உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செம்ஃபியூல் கழிவுதான் என்றது. பெயர் மாறியதால் பிறப்பு மாறிவிடாது.

இதற்கு முன்பே, 2000 ஜூன் 15-ஆம் நாள், ஐரோப்பிய நீதிமன்றம் இதே திசையில் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. நெதர்லாந்தின் இரசாயன ஆலையொன்றில் மிஞ்சிய ஒரு பொருளை, பெல்ஜியத்தில் சிமெண்டுச் சூளைக்கு எரிபொருளாக அனுப்பும் வழக்கு அது. ஒரு பொருள் எரிபொருளாகப் பயன்படுகிறது என்பதை மட்டும் வைத்து அது கழிவா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது, அதை வைத்திருந்தவர் கைகழுவ நினைத்தாரா என்பதை எல்லாச் சூழ்நிலைகளையும் கொண்டு பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஆலைகளுக்குச் சாதகமான தீர்ப்பும் வந்தது. 2003 பிப்ரவரி 13-ஆம் நாள் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள். குப்பை எரி உலைக்கு அனுப்பும் கழிவு அழிப்புக்காகப் போகிறது என்றது ஒரு தீர்ப்பு. சிமெண்டுச் சூளைக்கு அனுப்பும் கழிவு, நிலக்கரி போன்ற எரிபொருளுக்கு மாற்றாகி உண்மையான வேலை செய்வதால், அது பயன் மீட்பு என்றது இன்னொன்று. கழிவு கழிவுதான், ஆனால் அதைக் கொண்டு பயனுள்ள காரியம் செய்கிறார்கள் என்பது இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவில் கிடைத்த சமரசம். இன்றளவும் இத்துறை அந்தச் சமரசத்தின் மீதுதான் நிற்கிறது.

ரக்பிக்கு வந்த டயர்கள்

இப்போது மீண்டும் ரக்பிக்கு வருவோம். 1960-களிலிருந்து அந்த ஆலைக்கு வேண்டிய சுண்ணாம்பை, பெட்ஃபோர்ட்ஷயரின் கென்ஸ்வொர்த் குன்றுகளில் வெட்டி, தண்ணீரில் கரைத்து, 92 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியாக அனுப்பி வருகிறார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஒரு புதிய பெரும் சூளை செயல்பட ஆரம்பித்தது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன்னுக்கும் மேல் உற்பத்தி செய்யக் கூடியது. உயர்ந்த அதன் கோபுரம் ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். இந்த ஆலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது ஊருக்கு வெளியே ஏதோ காட்டில் இல்லை. வீடுகளுக்கு அருகிலேயே இருக்கிறது. நிறுவனம் 2000-இல் ஆர்எம்சி குழுமத்தின் கைக்கும், 2005-இல் மெக்சிகோவின் செமெக்ஸ் நிறுவனத்தின் கைக்கும் மாறியது.

ஆலை டயர் எரிக்க அனுமதி கேட்டதற்கு இன்னொரு பின்னணியும் இருந்தது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. அதன்படி முழு டயர்களைக் குப்பைமேட்டில் புதைப்பது 2003 ஜூலையிலிருந்தும், துண்டாக்கிய டயர்களைப் புதைப்பது 2006 ஜூலையிலிருந்தும் தடை செய்யப்பட்டது. புதைக்கவும் முடியாது. குவித்து வைத்தாலும் ஆபத்து. வேல்ஸ் நாட்டின் ஹேயோப் கிராமத்துக்கு அருகே சுமார் ஒரு கோடி டயர்கள் குவிந்து கிடந்த இடத்தில் 1989-இல் தீப்பிடித்தது. அந்தத் தீ பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உள்ளே கனன்றுகொண்டிருந்தது! கட்டுப்பாடற்ற அந்தப் புகையைவிட, கட்டுப்பாடுள்ள சூளைப் புகை மேல் என்று ஆலைக்காரர்கள் சொன்னதை எளிதில் ஒதுக்க முடியாது.

நமக்கும் இதில் ஓர் உறவு இருக்கிறது. டயரில் இருப்பது முழுக்கச் செயற்கை ரப்பர் அல்ல. ஒரு பங்கு, மரத்திலிருந்து வடிந்த பால். கரிவாயுக் கணக்கெடுப்பில் டயரின் அந்தப் பங்கை மரத்தின் கணக்கில் சேர்க்கிறார்கள், எண்ணெயின் கணக்கில் சேர்ப்பதில்லை. விடியற்காலை இருளில் தலைவிளக்கோடு நம் தாத்தா பாட்டிகள் பால்மரக் காடுகளில் சீவிய ரப்பர், உலகத்தின் சாலைகளெல்லாம் ஓடியது. அந்த டயரின் கடைசிப் பயணம் எங்கே என்று நாம் கேட்பதில் தவறில்லை.

சொல்லாமல் விட்ட ஒரு குறிப்பு

ஆலை தொடர்ந்து இயங்கவும், நிலக்கரிக்குப் பதிலாக ஓரளவு டயர்களை எரிக்கவும் அனுமதி கேட்டது. பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது. ஊர் மக்கள் திரண்டார்கள், எழுதினார்கள், எதிர்த்தார்கள். அனைத்தையும் பரிசீலித்ததாகக் கூறி, 2003 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை அனுமதி வழங்கியது.

பிறகுதான் ஒரு செய்தி தெரிய வந்தது. முகமைக்குள்ளேயே காற்றின் தரத்தைக் கணிக்கும் ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவு ரக்பி ஆலையைப் பற்றி ஒரு கணிப்பு செய்திருந்தது. உயரமான புகைக்கூண்டிலிருந்து வருவதைப் பற்றியல்ல, ஆலையின் தாழ்ந்த பகுதிகளிலிருந்து கிளம்பும் நுண்தூசி, காற்றுத் தர வரம்புகளைத் தாண்டக்கூடும் என்று அந்தக் கணிப்பு கூறியது. அனுமதி கொடுக்குமுன் இந்தக் குறிப்பு மக்கள் முன் வைக்கப்படவில்லை.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஊர் முழுக்க டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அதிகாரிகளின் மேசையில் இருந்த குறிப்போ தூசியைப் பற்றிப் பேசியது. மக்கள் கத்திய கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. மக்கள் கேட்கத் தெரியாமல் விட்ட கேள்விக்கும் ஒரு பதில் கோப்புக்குள் இருந்தது.

வழக்கு தொடங்கியது. முதலில் வழக்குத் தொடுத்தவர், அந்த நேரத்தில் சொந்த வீடில்லாமல் இருந்த ரக்பிவாசி ஒருவர். வருமானம் குறைந்தவருக்குத்தான் அரசாங்கச் சட்ட உதவி கிடைக்கும் என்பதால், அவரை முன்னிறுத்தியே வழக்கு நடக்கிறது என்ற பேச்சும் இருந்தது. 2005-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தக் குறிப்பை மக்களுக்குக் காட்டாதது நியாயமல்ல என்று நீதிபதி கூறினார். ஆனால் அனுமதியை இரத்து செய்யவில்லை. குறிப்பு வெறும் முன்கணிப்பு, இதற்குள் ஆலையிலிருந்து புதிய அளவீடுகள் வந்துவிட்டன, பழைய கணிப்புக்காக அனுமதியை இரத்து செய்து என்ன பயன் என்பது காரணம்.

தவறு நடந்தது, ஆனால் அதற்குப் பரிகாரம் இல்லை! ஊர் மக்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும்?

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விசாரணையின் கடைசி நாளில் முதல் வழக்காளர் விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக அதே ஊரைச் சேர்ந்த ஓர் அம்மையார் வழக்கைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டார். அந்நீதிமன்றம் அவருடைய செலவுப் பொறுப்பை 2,000 பவுண்டுக்குள் நிறுத்தியது, ஆனால் 2006-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் பிரபுக்கள் சபைக்குப் போனார். அங்கே செலவுக்கு வரம்பு கேட்டார். கிடைக்கவில்லை. முன்பணமாக 25,000 பவுண்டு கட்டி வழக்கை நடத்தினார். 2008 ஏப்ரலில் பிரபுக்கள் சபையும் வழக்கைத் தள்ளியது.

தோற்றவருக்கு வந்த கணக்கு

இங்கிலாந்தில் தோற்றவர் வென்றவரின் செலவைக் கொடுக்க வேண்டும். அம்மையாருக்கு வந்த கணக்கு 88,100 பவுண்டு. அதில் சுற்றுச்சூழல் முகமை கேட்டது 55,810 பவுண்டு. அமைச்சகம் கேட்டது 32,290 பவுண்டு. தன் ஊரின் காற்றைப் பற்றிக் கேள்வி கேட்டதற்கு ஒரு குடிமகளுக்கு வந்த கணக்கு இது.

இங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் எடுத்தது. 1998-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. சுற்றுச்சூழல் விவகாரங்களில் மக்களுக்குத் தகவல் பெறும் உரிமை, முடிவெடுப்பதில் பங்குபெறும் உரிமை, நீதிமன்றத்தை நாடும் உரிமை ஆகிய மூன்றையும் அது உறுதி செய்கிறது. அதன் அடிப்படையில் எழுந்த ஐரோப்பியச் சட்டம், இத்தகைய வழக்குகளின் செலவு எட்ட முடியாத அளவுக்கு உயரக் கூடாது என்கிறது. எட்ட முடியாத அளவு என்றால் எவ்வளவு? இந்தக் கேள்வியைப் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

2013 ஏப்ரல் 11-ஆம் நாள் பதில் வந்தது. செலவு அந்த மனிதரின் வசதியைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் போதாது, பொதுவாகப் பார்த்தாலும் அது நியாயமற்ற தொகையாக இருக்கக் கூடாது என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டுக் கட்டத்துக்கும் இது பொருந்தும் என்றது. அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம், அம்மையார் ஏற்கெனவே கட்டிய 25,000 பவுண்டோடு கணக்கை முடித்தது. அதே 2013-இல் இங்கிலாந்து புதிய விதியையும் கொண்டு வந்தது. சுற்றுச்சூழல் வழக்கில் தோற்கும் தனிமனிதர் எதிர்த்தரப்புக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கு 5,000 பவுண்டு, அமைப்புகளுக்கு 10,000 பவுண்டு என்று தொடக்க வரம்பு வந்தது.

டயர் வழக்கில் ஊர் தோற்றது. ஆனால் இனி வரும் ஊர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தோற்றது.

தூசியே பேசியது

கணிப்பு வெறும் காகிதம் என்று ஒதுக்கப்பட்டதல்லவா? 2005 அக்டோபரில் ரக்பி ஆலையிலிருந்து வெளிப்பட்ட தூசி ஊரின்மீது படிந்தது. இது டயரினால் வந்ததல்ல, புகைக்கூண்டின் நச்சுப் புகையும் அல்ல. ஆலையைப் பராமரித்து இயக்குவதில் நேர்ந்த விபத்து. வழக்கு நீதிமன்றம் போய் 2006-இல் நிறுவனத்துக்கு 400,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அடுத்த ஆண்டு அது 50,000 பவுண்டாகக் குறைந்தது. இந்த விபத்தையும் பழைய கணிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆயினும் ஒரு செய்தி தெளிவு. ஆலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு எரிபொருள் எது என்பதைவிட, ஆலை ஒவ்வொரு நாளும் எப்படி நடத்தப்படுகிறது என்பதே பெரிது.

டயர் விஷயத்தில் பின்னர் சோதனைகள் நடந்தன. டயர்த் துண்டுகள் ரக்பிச் சூளையின் வழக்கமான எரிபொருளாயின. அடுத்து, வீடுகளிலும் கடைகளிலும் சேரும் குப்பையில் மறுபயன்பாட்டுக்கு ஆவதைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் காகிதம், துணி, கம்பளம், பிளாஸ்டிக் ஆகியவற்றைத் துண்டாக்கிச் செய்த எரிபொருளும் வந்தது. அதற்கு 'கிளைமாஃபியூல்' என்று பெயர். பெயரின் வளர்ச்சியைப் பாருங்கள். 1990-களில் சிமெண்டு எரிபொருள். இப்போது பருவநிலையின் எரிபொருள்!

கிளிதரோ ஆலையும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் கரைப்பான் கழிவுக்காக நாடாளுமன்றம் வரை பேசப்பட்ட அதே ஆலையில், 2021-இல் ஒரு சோதனை நடந்தது. சூளையின் முதன்மைச் சுவாலையில் நிலக்கரியே இல்லை. 39 விழுக்காடு ஹைட்ரஜன், 49 விழுக்காடு கிளிசரின், 12 விழுக்காடு இறைச்சி எலும்புத் தூள். இந்தத் தூளுக்கும் ஒரு கதை உண்டு. மாட்டுப் பைத்திய நோய் பரவிய பின், 2001-இலிருந்து ஐரோப்பாவில் பண்ணை விலங்குகளுக்கு அதைத் தீவனமாகக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. மலைமலையாகச் சேர்ந்த அந்தத் தூளை விழுங்கியவற்றில் சிமெண்டுச் சூளைகளும் உண்டு.

ஆனாலும் ஒரு கணக்கை மறைக்கக் கூடாது. சிமெண்டு ஆலையின் கரிவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குதான் எரிபொருளிலிருந்து வருகிறது. மீதி சுண்ணாம்புக் கல் வெந்து பிரியும்போது அந்தக் கல்லிலிருந்தே வருகிறது. எந்தக் கழிவை எரித்தாலும், எவ்வளவு தூய்மையான எரிபொருளைப் போட்டாலும், அந்தப் பங்கு குறையாது. கழிவு எரிபொருள் ஒரு படி. அதுவே மாடி அல்ல.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டில் இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம்மிடமும் சுண்ணாம்பு மலைகள் உண்டு, சிமெண்டு ஆலைகள் உண்டு. வீட்டுக்குப் பின்னால் போட்ட பழைய டயரில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு வளர்வதும், டிங்கிக் காய்ச்சல் வருவதும் நமக்கு அன்றாடச் செய்தி. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் ஆபத்தான கழிவுகளை 77 வகைகளாகப் பிரித்தன. புரோகாவில் கட்டத் திட்டமிட்ட மாபெரும் குப்பை எரி உலையைச் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்ததும், அத்திட்டம் 2007-இல் கைவிடப்பட்டதும் நினைவிருக்கும். குப்பை நம்மோடுதான் இருக்கிறது. அது எங்காவது போக வேண்டும். வேண்டாம் என்று சொல்வது எளிது. எங்கே என்று சொல்வது கடினம்.

ரக்பியின் வரலாறு நமக்கு எதிர்க்கவும் சொல்லவில்லை, தலையாட்டவும் சொல்லவில்லை. கேட்கச் சொல்கிறது. பெயர் பலகையைப் பார்த்து மயங்காமல், பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்கிறது. சூளைக்குள் போகும் ஒவ்வொரு சுமையையும் யார் சோதிக்கிறார்கள், புகைக்கூண்டின் அளவீடுகள் எங்கே வெளியிடப்படுகின்றன என்று கேட்கச் சொல்கிறது. டயரைப் பற்றிப் பேசும்போதே தூசியைப் பற்றியும் விசாரிக்கச் சொல்கிறது.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் குறிப்பு முதலிலேயே மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அனுமதி அப்படியே கிடைத்திருக்கக் கூடும். பத்தாண்டு வழக்கு நடந்திருக்காது. நல்ல திட்டத்தைக் கூட மறைத்து வைத்துச் செய்தால், மக்கள் மனத்தில் அது கெட்ட திட்டமாகவே நிலைத்துவிடும். மக்களிடம் சொல்லிவிட்டுச் செய்வது காலதாமதம் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். சொல்லாமல் செய்வதுதான் பெரிய காலதாமதம் என்பதை ரக்பி காட்டியது.

சிமெண்டு இல்லாமல் நமக்கு வீடில்லை, பள்ளியில்லை, கோயிலில்லை, பாலமில்லை. அதைச் சுடுவதற்கு நெருப்பு வேண்டும். அந்த நெருப்புக்கு எதைப் போடுவது என்பதைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் தீர்மானிக்கட்டும். என்ன போட்டார்கள், என்ன வெளியே வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமையோ, அந்தக் காற்றைச் சுவாசிக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது. அந்த உரிமையை ஒரு சிற்றூர் மக்கள் தங்கள் கைப்பணத்தைப் பணயம் வைத்துக் கேட்டார்கள் என்பதை நினைவில் வைப்போம்.